மூன்று மில்லிமீட்டர் கோணல்

பால்சா மரத்தில் கட்டிய மாதிரி விமானம் ஒன்று கையை விட்டுக் கிளம்பியதும் இடப்பக்கமாகச் சரிகிறது. ரிமோட்டில் டிரிம் பொத்தானை வலப்பக்கம் நாலு தட்டு தட்டினால் நேராகிவிடுகிறது. அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தரையிறக்க வேகத்தைக் குறைக்கும்போது அதே விமானம், இந்த முறை வலது இறக்கையைப் போட்டுக் குப்புற விழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துச் சவுக்குத் தோப்புக்குள் புகுந்து உடைந்த குச்சிகளைப் பொறுக்கும்போது பேட்டரியைத் திட்டுவார்கள், சர்வோவைத் திட்டுவார்கள், கடற்காற்றைத் திட்டுவார்கள். இறக்கையை யாரும் திட்டுவதில்லை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான்: வலது இறக்கையின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் முறுக்கு.

மூன்று மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இறக்கையின் முழு நீளம் 1.2 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலது நுனியில் பின் விளிம்பு இருக்கவேண்டிய இடத்தைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அகலத்தோடு ஒப்பிட்டால் அது சுமார் 0.9 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத கோணம். ஆனால் இந்த அளவு இறக்கையில் கோணம் ஒரு டிகிரி கூடினால் தூக்குவிசைக் குணகம் ஏறக்குறைய 0.08 கூடும். விமானம் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், இடது நுனியில் சுமார் 15 கிராம் எடையை ஒட்டிவைத்தது போன்ற விளைவு. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடை அது. வேகம் இரட்டித்தால் காற்றழுத்தம் நான்கு மடங்காகும். இரண்டு நாணயம் எட்டு நாணயமாகிவிடும்.

நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. உண்மையிலேயே ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் அந்தப் பாரம் எந்த வேகத்திலும் மாறாது. மெதுவாகப் பறக்கும்போதுதான் அதன் தொல்லை அதிகம் தெரியும். முறுக்கு அப்படியில்லை. வேகம் கூடக் கூட அதன் இழுப்பும் கூடும். எனவே உயரத்தில் வைத்து ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை நிதானமாகவும் கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் போதும். இரண்டில் எது என்று விமானமே காட்டிக்கொடுத்துவிடும்.

டிரிம் ஏன் உதவவில்லை? முறுக்கிய வலது இறக்கையை அடக்க அதன் பின் விளிம்பில் அசையும் மடலான எய்லரானை மேலே தூக்கிவைக்கிறோம். அப்போது அந்த நுனியின் வளைவு குறைகிறது. வளைவு குறைந்த இறக்கை தாங்கக்கூடிய உச்சத் தூக்குவிசையும் குறைவு. நேர்ப்பறப்பில் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குகின்றன, சரி. வேகம் குறைந்து இரு பக்கமும் தங்கள் எல்லையை நெருங்கும்போது வலது நுனி முதலில் கைவிடுகிறது. காற்று அதன் முதுகைவிட்டுப் பிரிகிறது. அதனால்தான் வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்த விமானம் மெதுவாக வரும்போது வலப்பக்கம் விழுகிறது.

முறுக்கே கூடாது என்பதில்லை. நல்ல விமானங்களில் இரண்டு நுனிகளையும் முன் விளிம்பு இரண்டு மூன்று டிகிரி தாழும்படி வேண்டுமென்றே முறுக்கியிருப்பார்கள். நுனி கடைசியாகக் கைவிட வேண்டும், அதுவரை எய்லரான் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக. ரைட் சகோதரர்களோ விமானத்தைத் திருப்பியதே முறுக்கி முறுக்கித்தான். 1899-இல் டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடையில் வில்பர் ரைட், டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகியபோது பிடிபட்ட யோசனை அது. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோவின் விமானத்திலும் இறக்கையை முறுக்கித்தான் சாய்த்தார்கள்.

அந்தச் சாதனை உலகெங்கும் கிளப்பிவிட்ட பறக்கும் ஆசை சென்னையையும் விடவில்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், கோச் வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியிடம் தன் வடிவமைப்பில் ஒரு விமானத்தைக் கட்டச் சொன்னார். 1910-இல் அதைப் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் மக்கள் முன் பறக்கவிட்டார். பல்லாவரம் இன்று செங்கல்பட்டு மாவட்டம். அதற்கு அடுத்த குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்ஐடி கல்லூரியில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். ஆக, இந்த மாவட்டத்துக்கும் விமானத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. வண்டிப் பட்டறை மரத்தச்சர்கள் கட்டிய இறக்கைக்கு அன்று இருந்த எதிரிதான் இன்று கல்லூரி மாணவர் விடுதி அறையில் கட்டும் இறக்கைக்கும் எதிரி. காற்றில் இருக்கும் ஈரம்.

மரம் வெட்டி எத்தனை வருடமானாலும் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்தாது. சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஓர் அளவில் வந்து நிற்கும். வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம். ஈரப்பதம் 80 ஆனால் மரத்தின் ஈரம் 15-ஐத் தாண்டும். ஏசி போட்ட அறைக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இதுதான். ஏசிகூட வேண்டாம். ஜூன் மாதத்தில் செங்கல்பட்டில் காலை முழுக்க மேற்கிலிருந்து வறண்ட வெக்கைக் காற்று வீசும். முப்பது கிலோமீட்டர் தள்ளி மாமல்லபுரத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும். 2022 ஆகஸ்டில் இந்தக் கரையில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடத்தியது இந்தக் காற்றை நம்பித்தான். பட்டத்துக்கு வரம், ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாத் தகட்டுக்கு அது சில மணி நேரத்தில் உடம்பையே மாற்றிவிடும்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரேபோல் உப்பினால் தொல்லையே இல்லை. விமானம் ஒரு சுற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். நார் ஓடும் திசையில் மரம் அநேகமாக உப்புவதே இல்லை. குறுக்கே உப்பும், அதிலும் ஒரே அளவாக இல்லை. பச்சை பால்சா முற்றிலும் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.6 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 3 சதவீதம்தான். கடையில் ஒரே கட்டிலிருந்து இரண்டு தகடு உருவுகிறீர்கள். ஒன்று முதல் வகையாக அறுத்தது, மற்றொன்று இரண்டாம் வகை. இரண்டும் 75 மில்லிமீட்டர் அகலம். ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தால் முதலாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலும். இரண்டாவது அதில் பாதிகூட அகலாது. இவற்றில் ஒன்றை இறக்கையின் மேலேயும் மற்றதைக் கீழேயும் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: இரண்டாம் வகைத் தகட்டில் புள்ளி புள்ளியாக மினுமினுப்பு இருக்கும், அகலவாக்கில் வளைத்தால் வளையாமல் ஒடியும். அதை விலா எலும்புகளுக்கு வைத்துக்கொண்டு, வளைந்துகொடுக்கும் முதல் வகையை இறக்கையின் மூக்கைப் போர்த்தப் பயன்படுத்துவதுதான் முறை.

இறக்கையை வளைக்காமல் குறிப்பாக முறுக்குவது எது? நாரின் சாய்வு. தகட்டில் நார் நீளவாக்கில் நேராக ஓடாமல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால், ஈரம் ஏறும்போது அந்தச் செவ்வகம் லேசாகச் சாய்சதுரமாகும். மேல்தகடும் கீழ்த்தகடும் ஒரே பக்கம் சாய்ந்தால் இறக்கை முன்னுக்கோ பின்னுக்கோ துளி நகரும், கெடுதல் இல்லை. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் மேல்தோல் ஒரு பக்கமும் கீழ்த்தோல் மறுபக்கமும் இழுத்து இறக்கையைத் திருகிவிடும். அமெரிக்காவில் 1984-இல் பறந்த எக்ஸ்-29 சோதனை விமானத்தில் கார்பன் இழைகளைக் கணக்குப் பார்த்துச் சாய்த்து அடுக்கி, இறக்கை வளையும்போது எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்பதைப் பொறியாளர்களே தீர்மானித்தார்கள். நம் பட்டறையில் அதைக் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் தகடு தீர்மானிக்கிறது.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தச்சரின் பழைய உத்தியை மிஞ்ச எதுவுமில்லை. அலமாரிக் கதவுப் பலகை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க அவர் இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு வழியே பின்சட்டத்தைப் பார்ப்பார். இரண்டு கோடும் ஒன்றோடொன்று படிந்தால் பலகை நேர். இறக்கைக்கும் அதேதான். அடிப்புறம் தட்டையான இறக்கை என்றால் அதைக் கவிழ்த்து வைத்து, உடலருகே ஒரு சட்டம், நுனியில் ஒரு சட்டம். சட்டம் 60 சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டராக இருக்கும் கோணல் சட்டத்தின் முனைகளுக்கிடையே மூன்று மில்லிமீட்டராக விரிந்து தெரியும். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கிடைக்கும் துண்டுச் சட்டங்களே போதும். கைப்பேசியின் கோணமானிச் செயலி கால் டிகிரி முன்னே பின்னே காட்டும். நான் சட்டத்தைத்தான் நம்புவேன்.

அளந்து பார்த்ததில் இரண்டு நுனியும் ஒரே அளவு கீழ்நோக்கி முறுக்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள். சரிசெய்ய வேண்டியது சமமின்மையை மட்டுமே.

எப்படிச் சரிசெய்வது என்பது இறக்கைக்கு என்ன போர்த்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போது பெரும்பாலும் சூட்டில் சுருங்கும் பாலியெஸ்டர் ஃபிலிம்தான். இதைச் சரிசெய்வது சுலபம், ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலருகே இறக்கையை மேசையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் நுனியைப் பிடித்துக் கோணலுக்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும். பின் விளிம்பு 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், நேராக்கி நிறுத்தாமல் இன்னொரு 3 மில்லிமீட்டர் மேலே கொண்டுபோக வேண்டும். அப்போது ஃபிலிமைக் கூர்ந்து பார்த்தால் விலாக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் சாய்வாக மெல்லிய சுருக்கங்கள் விழுந்திருக்கும். கட்டத்தின் ஒரு மூலைவிட்டம் நீண்டு விறைக்கிறது. மற்றது குறுகித் தளர்கிறது. தளர்ந்த அந்த மூலைவிட்டத்தில்தான் சுருக்கம். ஹீட் கன்னை மேலும் கீழும் நிதானமாக ஓட்டினால் சுருக்கம் மறையும். ஃபிலிம் அந்த நிலையிலேயே இறுகிவிட்டது என்று அர்த்தம். ஆறும்வரை பிடியை விடக்கூடாது. விட்டதும் இறக்கை கொஞ்சம் திரும்பி வரும். மீண்டும் சட்டம் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் ஒருமுறை. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஃபிலிம் ஓட்டையாகும், அடியில் உள்ள பசையும் நழுவும்.

இங்கே மரத்தை நேராக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் இன்னமும் முறுக்கிக்கொள்ளத்தான் பார்க்கிறது. ஃபிலிம் அதை இழுத்துக் கட்டிவைத்திருக்கிறது. கார் டிக்கியில் மே மாத வெயிலில் அடைத்துவைத்தால் ஃபிலிம் தளர்ந்து பழைய கோணல் திரும்பும். கறுப்பு, கருநீல ஃபிலிம் போட்டு நேரடி வெயிலில் வைப்பவர்களுக்கு இந்த அனுபவம் சீக்கிரமே கிடைக்கும்.

ஜப்பான் டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசிய பழைய பாணி இறக்கைக்கு ஆவி பிடிக்க வேண்டும். இட்லிப் பானை போதும். மூடியைச் சற்று விலக்கி, வரும் ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்தால் சூடும் ஈரமும் சேர்ந்து மரநாரை இணைக்கும் லிக்னினையும் காகிதத்தையும் இளக்கும். பிறகு பலகையில் வைத்து, பின் விளிம்புக்கு அடியில் சிம்புத்துண்டு செருகி, குண்டூசியால் நிறுத்தி இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: நைட்ரேட் டோப் சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு, பானையை வேறிடத்துக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டுதான் இந்த வேலை. ஒன்றுமே போர்த்தாத வெறும் மரச்சட்டகத்துக்கும் இதே வைத்தியம். ஆவிக்குப் பதில் வெந்நீர் தெளித்தாலும் ஆகும்.

மேலும் கீழும் முழுக்கப் பால்சாத் தகடு போர்த்திய இறக்கை முறுக்கிக்கொண்டால்தான் சங்கடம். ஆவிக்கும் மசியாது, ஹீட் கன்னுக்கும் மசியாது. காரணத்தை ஒரு காகிதத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் திருகிப் பாருங்கள், இஷ்டத்துக்குத் திரும்பும். ஓரத்தை நெடுக டேப் போட்டு ஒட்டிவிட்டுத் திருகுங்கள், அசையாது. 30 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழலைக் கணக்கிட்டால், பிளந்ததைவிட மூடியது முறுக்கத்தை 300 மடங்கு எதிர்க்கிறது. இறக்கையின் மூக்கில் மேல்தகடும் கீழ்த்தகடும் நடுவில் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரும் சேர்ந்து அப்படி ஒரு மூடிய குழலாகிவிடுகின்றன. நேராகப் பூட்டினால் நேராகவே நிற்கும். கோணலாகப் பூட்டினாலும் அதே உறுதியோடு கோணலாக நிற்கும்.

அப்படிப் பூட்டிக்கொண்டதைத் திறக்க ஒரே வழிதான்: கத்தி. தகட்டை ஒட்டிய கோட்டில் நெடுக அறுத்துக் குழலைத் திறந்துவிட்டால் இறக்கை உடனே இளகும். பலகையில் நேராகக் குண்டூசி குத்தி, பிளவில் பசை விட்டு, மேலே கனம் வைத்து மறுபடி மூட வேண்டும். கைவராத வேலையில்லை, மனம் வராத வேலை. உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கிய இறக்கையில் கத்தியை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

எனவே மூக்குக் குழலை மூடும் கணம்தான் இறக்கையின் தலையெழுத்து. அந்தக் கணத்தில் இறக்கை பலகையில் இருக்க வேண்டும், கையிலோ மடியிலோ அல்ல. பலரும் கீழ்த்தகட்டைப் பலகையில் வைத்து ஒட்டிவிட்டு, அழகாக வந்திருக்கிறதே என்று இறக்கையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேல்தகட்டை ஒட்டுகிறார்கள். அங்கேதான் மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது. ஃபெவிகால் மாதிரித் தண்ணீர் கலந்த பசை என்றால் தகட்டின் ஒரு முகம் நனைந்து சுருளும். முழுதாகக் காயும்வரை குண்டூசியை உருவக்கூடாது. எஸ். ராமாமிருதத்தின் வடிவமைப்பில் 1961-இல் பறந்த ரோகிணி போன்ற ஆள் ஏறும் மரக் கிளைடர்களைக் கட்டியவர்களுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இருந்ததில்லை. இறக்கை பெரிது, நியதி அதேதான்.

தகடு போர்த்தும் எடை வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. விலாக்களை நேராக வைக்காமல் மாற்றி மாற்றிச் சாய்த்து, பின்னல் மாதிரி அமைப்பது. 1936-இல் முதலில் பறந்த பிரிட்டனின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தை பார்ன்ஸ் வாலிஸ் இந்தப் பின்னலில்தான் கட்டினார். சாய்ந்த குச்சிகள் முறுக்கத்தை நேரடியாகத் தாங்கிக்கொள்ளும். வெட்டி ஒட்டும் வேலை இரண்டு மடங்கு. செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஈரத்துக்கு அந்த உழைப்பு தகும் என்பதே என் கருத்து.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளைவுட் துண்டை மேசையில் போட்டுக் கட்டுகிறார்கள். அந்த பிளைவுட்டே மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். கோணல் பலகையில் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் கோணல் இறக்கைதான் வரும். கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய நீளத் துண்டு கிடைக்கும். அது ஈரத்துக்கு அசையாது. அதன் மேல் குண்டூசி ஏற ஜிப்சம் பலகை ஒன்று. ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துவிட்டால் மாமல்லபுரத்துச் சிற்பிகூடக் குறை சொல்ல முடியாத தளம் தயார். வாங்கிய பால்சாத் தகடுகளை உறையிலிருந்து எடுத்ததும் வெட்டாமல், கட்டப்போகும் அறையில் இரண்டு மூன்று நாள் விரித்துவைத்துப் பிறகு வெட்டுங்கள். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஒரே தகட்டிலிருந்து சோடி சோடியாக எடுங்கள். அவை முறுக்கிக்கொண்டாலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஐப்பசி அடைமழையில் போர்த்தும் வேலையைத் தொடங்காதீர்கள்.

பறக்கவிடும் இடத்தைப் பொறுத்தவரை, கல்பாக்கம் அணுமின் நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். கிளம்பும்போது அந்த இரண்டு அலுமினியச் சட்டங்களையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். களத்துக்குப் போனதும் இறக்கையை நிழலில் ஒரு மணி நேரம் அந்தக் காற்றிலேயே வைத்துவிட்டு, பிறகு சட்டம் வைத்துப் பாருங்கள். வீட்டில் நேராக இருந்தது என்பது அங்கே செல்லாது.